பிரிக்காத பெட்டி

ஜனவரி 9

மகளுக்கு,

இன்று காலை நான் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் கூரியர்காரர் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றார். பெட்டியின் மேல் உன் பெயர், அதன் கீழ் நம் கடை முகவரி. "பொண்ணுக்கு வந்திருக்கும்மா, ஒரு கையெழுத்து" என்றார். அனுப்பியவர் யார் என்று பார்த்தேன். முக்குளிக்கும் சாமான்களை இணையத்தில் விற்கிறார்களே, அந்தக் கம்பெனி. முக்குளிப்புச் சாமான் விற்கிற கடைக்கே முக்குளிப்புச் சாமான் பார்சல்! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, கடைக்கு ஸ்டாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த வயதில் உனக்காக ஒரு பொய்.

உள்ளே என்ன என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறது. ரெகுலேட்டர். முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து காற்றை வாய்க்குக் கொண்டு வரும் கருவியை நீ எங்கிருந்தோ வாங்கியிருக்கிறாய். போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது நம் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேனே, அதே கம்பெனி, அதே மாதிரி. நீ வாயில் வைத்துப் பார்த்தாய். கடிக்கும் ரப்பர் உன் தாடைக்குப் பெரிது என்று சின்னதை மாற்றிப் போட்டுக் காட்டினேன். "இப்ப சரியா இருக்கும்மா" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனாய். யோசனை எங்கே போய் முடிந்தது என்று இப்போது தெரிகிறது.

மற்றவர்கள் இதைச் செய்வதை நான் தினம் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து மாஸ்க் மாட்டிப் பார்ப்பார்கள். முழங்கால் வலியோடு குனிந்து துடுப்புச் செருப்பின் வாரை இழுத்து நான் அளவு சொல்வேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பார்கள். கதவுக்கு வெளியே போய் நின்று, போனில் ஆர்டர் போடுவார்கள். கதவு கண்ணாடிக் கதவு என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அவர்களை மனத்துக்குள் திட்டுவதோடு சரி. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்ல?

நம் மெக்கானிக் உடனே ஓடி வந்தார். உன் அப்பா அவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை; கையில் திருப்புளி தயாராக இருந்தது. "பாப்பாவுதா? குடுங்கம்மா, ஒரு நிமிசம் பிரிச்சுப் பாத்துட்டு அனுப்பிடலாம்" என்று பெட்டியின் மேல் கை வைத்தார். கையை எடுக்கச் சொன்னேன். சுவரில் தொங்கும் பலகையைக் காட்டினேன். 'இங்கே வாங்காத கருவி இங்கே பிரிக்கப்படாது, பழுது பார்க்கப்படாது.' நம் கடைக்காரர்கள் சங்கத்தில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான். பெற்ற மகள் என்று அதை வளைத்தால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பேன்?

ஆகவே பெட்டியைப் பிரிக்கவில்லை. மேலே நீ வேலை பார்க்கும் மீன் பண்ணையின் முகவரியை எழுதி ஒட்டி அப்படியே அனுப்புகிறேன். சாமான் படகில் வந்து சேரும்.

நடுக்கடலில் உன் போன் எடுக்காது என்பதால் கடிதம். எடுத்தாலும் கடிதம்தான் எழுதியிருப்பேன். போனில் கோபப்பட்டால் என் குரல் உடைந்துவிடுகிறது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
(உன் தாயும் கூட)


ஜனவரி 24

அம்மாவுக்கு,

பெட்டி வந்தது. மேலே இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேற்பார்வையாளர், "யாரு, ஸ்கூல் டீச்சரா?" என்று கேட்டார். இல்லை, அதைவிடக் கண்டிப்பு என்றேன்.

கரையில் இருந்த கொஞ்ச நேரத்தில் அவசரமாகப் போட்ட ஆர்டர் அது. பழைய முகவரி தானாக விழுந்துவிட்டது. உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நினைத்தேன். எனக்குத் திருட்டுத்தனம் வராது என்று நீங்கள் எப்போதும் சொல்வது சரிதான்.

ஏன் நம் கடையில் வாங்கவில்லை என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். கருவி வாங்கப் பண்ணை தரும் முன்பணத்துக்கு நம் கடை விலை கட்டாது. குறைத்துக் கேட்டால், "பேரம் பேசுற இடம் மீன் சந்தை" என்பீர்கள். கேட்காவிட்டால் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தைகளிடம், "இவ மூச்சு விடறதே என் கடை தயவுலதான்" என்பீர்கள். சொல்ல மாட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சைக்கிள் விஷயத்தில் சொன்னீர்கள்.

இங்கே வேலை பழகிவிட்டது. கடலில் மிதக்கும் வட்டமான வலைக் கூண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதானம் போல. உள்ளே மீன்கள் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் வெளிப்பக்கம் இறங்கி, கிழிந்த இடத்தைத் தைக்கிறோம். கடலுக்கடியில் தையல் வேலை. நீங்கள் கற்றுக்கொடுத்த தையல்தான்.

ஒரு விஷயம். புது ரெகுலேட்டரில் நிமிர்ந்து இருக்கும்போது மூச்சு நன்றாக வருகிறது. தலையைச் சாய்த்தாலோ மல்லாந்தாலோ சில சமயம் காற்றோடு ஒரு வாய் உப்புத் தண்ணீரும் வருகிறது. மேலே வந்து சோதித்தால் ஒரு குறையும் தெரியவில்லை. நானே திறந்து பார்க்கலாம். திறந்தால் உத்தரவாதம் கிடையாது என்று மூடியில் ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட, அப்பா சொன்னது கையைப் பிடிக்கிறது. முக்குளிக்கிறவர் தன் கருவியைத் தானே பிரிக்கக் கூடாது, தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது, இன்னொருவர்தான் பிரித்துப் பூட்டித் தர வேண்டும் என்பாரே. கூடவே தொங்கும் உபரி வாய்க்கருவி பழையது. அவசரத்துக்கு மேலே வர உதவும், அதை வைத்து வேலை செய்ய முடியாது. அடுத்த முறை கரைக்குப் போகும்போது ஒரு கடையில் காட்டிக்கொள்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் வாத்து


பிப்ரவரி 5

மகளுக்கு,

கவலைப்பட வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் கவலைப்படும்படி எதையும் எழுதக் கூடாது.

சைக்கிளைப் பற்றி உன் அத்தைகளிடம் நான் சொன்னது ஒரே ஒரு முறை. அதுவும் அவர்களாகக் கேட்டதால்.

தண்ணீர் வருகிற ரெகுலேட்டரோடு நீ கீழே போகக் கூடாது. இதில் என் கோபத்துக்கும் உன் ரோஷத்துக்கும் இடமில்லை. நம் அலமாரியிலிருந்து விற்ற எதுவும் பிரித்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டியதில்லை. விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காதில் வாங்கிக்கொள்வதில்லை. நீ அந்த அலமாரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்.

நீ கரையேறும் துறைமுகத்தில், பழைய சுங்க அலுவலகத்துக்கு எதிரில், உன் அப்பாவின் நண்பர் கடை வைத்திருக்கிறார். எப்போதும் தலையில் தொப்பி இருக்கும். சின்ன வயதில் அவரைத் தொப்பி மாமா என்பாய். அவரிடம் காட்டு. யார் மகள் என்று சொல். அது போதும்.

இங்கே அனுப்பச் சொல்லலாம் என்றால் பிரிக்க ஆள் இல்லை. ஸ்பேனர் வேலையை விட்டுவிட்டார். உன் பெட்டி போன மறுவாரமே வந்து நின்றார். "உங்க பலகைக்குக் கீழ உக்காந்து ஈ ஓட்ட முடியலம்மா. ஊர்ல பாதிப் பேரு வெளியதான் வாங்கறான். வெளிய வாங்கினதப் பிரிக்கக் கூடாதுன்னா நான் எதப் பிரிக்கிறது?" என்றார். சரி போங்கள் என்றேன். ஏதோ கப்பலில் வேலையாம். போனை எடுப்பதில்லை. நானும் இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

அவருடைய மேசையைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். எனக்கு அளவு பார்க்கத் தெரியும், விற்கத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்தத் திருப்புளியைத் தொட்டதில்லை.

உன் கடிதத்தில் இரண்டாம் பத்தியிலிருந்து எழுத்து கோடு விட்டு இறங்குகிறது. படகு ஆடினால் ஆடி முடிந்த பிறகு எழுது.

அம்மா


பிப்ரவரி 19

அம்மாவுக்கு,

கரைக்குப் போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தொப்பி மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, அவங்க பொண்ணா! அப்பா ஜாடை அப்படியே இருக்கே. உக்காரும்மா, டீ சொல்றேன்" என்றார். டீ வந்தது. பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்தேன். கை நீட்டி வாங்கப் போனவர் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க வாங்கினது?"

நம் கடையில் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு முடியே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வேற யாரா இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு செஞ்சிருவேன். உன்னோடதத் தொட்டா உங்க அம்மாவுக்குத் தெரியாமப் போகுமா? போன வருசம் ஒருத்தனுக்குப் போனாப் போகுதுன்னு ஒரு ரப்பர் வளையம் மாத்திக் குடுத்தேன். உங்க அம்மா ரெண்டு பக்கம் கடுதாசி எழுதினாங்க. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. சங்கத்துல எழுந்து நின்னு படிச்சும் காட்டினாங்க. ஊரே சிரிச்சுது."

"நான் அவங்க பொண்ணு மாமா."

"அதனாலதாம்மா பயம். அவங்க ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அந்த நிமிசமே செய்யறேன்."

அவர் தலைக்கு மேல் அந்தப் பலகை. 'பிரிக்கப்படாது, பழுது பார்க்கப்படாது.' வீட்டில், "சாப்பிடும்போது பேசக் கூடாது, பேசும்போது சாப்பிடக் கூடாது" என்கிற அதே குரல். எவ்வளவோ தூரத்தில், யாருடைய சுவரிலோ உங்களைப் பார்த்ததும் சிரிப்புதான் முதலில் வந்தது அம்மா.

துறைமுகத்தில் இருக்கிற மற்ற கடைகளிலும் அதே பலகை. அங்கே டீயும் இல்லை.

விற்ற கம்பெனிக்கும் போன் செய்தேன். பேசியது மனிதரா இயந்திரமா என்று கடைசிவரை தெரியவில்லை. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. நான் சிரமம் என்றே சொல்லவில்லை, தண்ணீர் வருகிறது என்றுதான் சொன்னேன். திருப்பி அனுப்பினால் வரிசைப்படி பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். கருவியை அவர்களிடமோ மாமாவிடமோ விட்டுவிட்டுப் படகேறினால் எனக்கு வேலை இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் கூண்டுகளின் அடி வலையைத் தைத்தாக வேண்டும். அதன் பிறகு காற்றுக் காலம், கடல் யாரையும் இறங்க விடாது. அடி வலை என்றால் முழு நேரமும் மல்லாந்தபடிதான். அது முடியும்வரை யாருக்கும் கரை விடுப்பு கிடையாது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "எல்லாரோட கருவியும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். பயமா இருந்தா வேலைய விட்டுட்டுப் போ, திங்கக்கிழமை படகு வரும், ஏறிக்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

உங்கள் ஒரு வரி இப்போது வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு நான் கரைக்குப் போக முடியாது. தெரிந்தும் கேட்கிறேன். எழுதுவீர்களா?

வாத்து


பிப்ரவரி 27

மகளே,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. பொழுது சாய்வதற்குள் நான் செய்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு வரியை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அது போய்ச் சேரும் இடத்தில் நீ இல்லை என்பது மண்டையில் ஏறியது. தொப்பிக்காரருக்குப் போன் செய்தேன். அவரிடம் நான் பேசி ஒரு வருடம் ஆகிறது. "நீங்க சொன்னாப் போதும்மா, கடுதாசி எதுக்கு? ஆனா பொண்ணு போயிருச்சே" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு உன் பண்ணையின் கரை அலுவலகத்துக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். ரெகுலேட்டரைச் சரிபார்க்காமல் என் மகளைக் கீழே அனுப்பக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "ரெகுலேட்டர்னா ஃபேனோடதா மேடம்?" என்று கேட்டாள். விளக்கினேன். "தகவல் சொல்லிடறோம்" என்றாள். நான் சொன்னதைத் திருப்பிச் சொல் என்றேன். வைத்துவிட்டாள்.

உன் அப்பாவின் ரெகுலேட்டரை அனுப்பலாம் என்று பீரோவைத் திறந்தேன். ரப்பர் எல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. அதை உன் வாயில் வைக்கக் கொடுப்பதைவிட ஒழுகுவதே மேல்.

அலமாரியில் உன்னுடையதைப் போல ஒன்று இருக்கிறதல்லவா, நீ வாயில் வைத்துப் பார்த்தது. அதையே அனுப்பலாம் என்றால் பார்சல் சாமான் படகுக்குக் காத்துக் கிடக்கும், கடிதம்தான் முந்தும்; அதைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்பேனரின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. புதுப் பெட்டி எது வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். வாய்க்குழாயின் வட்ட மூடியைக் கழற்றுவார். உள்ளே, நாம் விடும் மூச்சு வெளியே போகும் இடத்தில், மெல்லிய ரப்பர் மடல் ஒன்று இருக்கும். அதைக் கட்டைவிரலால் நீவி விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பெட்டிக்குள்ள நெருக்கிக்கிட்டு வருதில்லம்மா, ஓரம் மடங்கிப் போயிருக்கும். மடங்கினா தண்ணி உள்ள வரும். தூங்கி எழுந்த புள்ளைக்குத் தலை சீவி விடற மாதிரி" என்றார். தினம் பார்த்ததால் அதை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

அன்று உன் பெட்டியின் மேல் கை வைத்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

துணியை விலக்கி அவர் மேசையில் உட்கார்ந்து, அலமாரியில் இருந்ததை நானே பிரித்தேன். பயந்த அளவு கஷ்டமில்லை. மூடியை இடப்பக்கமாகத் திருகு, வந்துவிடும். அடியில் தட்டு மாதிரி இருக்கும் பெரிய ரப்பரை நகத்தால் நெம்பி எடுத்து வை. உள்ளே கீழ்ப்பக்கத்தில் சின்ன மடல். ஓரம் மடங்கியிருந்தால் நீவி விடு. சுற்றிலும் படிந்து உட்கார வேண்டும். கிழிந்திருந்தால் எதுவும் செய்யாதே, கீழே போகாதே. உத்தரவாதம் போனால் போகட்டும். தானே பிரிக்கக் கூடாது என்ற உன் அப்பாவின் பேச்சை நான் மீறச் சொல்கிறேன். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மடலைப் பார்த்துச் சரிசெய்யும்வரை இறங்காதே. வேலையை விட்டுப் போ என்றால் வீட்டுக்கு வந்துவிடு. அத்தைகளிடம் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கூரியர்காரர் காத்துக்கொண்டிருக்கிறார். எப்போது சேரும் என்று கேட்டேன். "நாளைக்குக் கரை ஆபீஸ் போயிரும்மா. அதுக்கப்புறம் படகு." படகு எப்போது? "அது என் கையில இல்லியேம்மா" என்கிறார்.

அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

துறைமுக ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொன்னார்.

காற்று இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. திங்கட்கிழமைப் படகு வரவில்லை. உங்கள் தகவல் மட்டும் வயர்லெஸ்ஸில் வந்தது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் படித்தார்: "உங்க அம்மா ஃபேன் ரெகுலேட்டரச் சரி பாக்கச் சொன்னாங்களாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? காற்று முற்றுவதற்குள் தைத்து முடிக்க எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன்.

வலைக்கு அடியில் மல்லாந்து தைத்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்தேன், முழுவதும் தண்ணீர். இருமல் வந்தது. தண்ணீருக்குள் இரும முடியாது அம்மா. இரும மூச்சை இழுத்தால் இன்னும் தண்ணீர்தான் வருகிறது. உபரியைக் கையில் பிடித்துவிட்டேன். ஆனால் இருமுகிற வாயை மூடி அதைக் கடிக்க முடியவில்லை. வலை ஓரத்துக்கு வந்ததும் மேலே பாய்ந்துவிட்டேன். நிதானமாக ஏற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது எதுவும் அப்போது இல்லை.

நெஞ்சு சரியாகிவிட்டது. ஒரு காது போய்விட்டது, வேகமாக ஏறியதில் உள்ளே எங்கோ கிழிந்து. எழுந்து நின்றால் தரை சாய்கிறது. தலைசுற்றல் போய்விடும், காது வராது என்கிறார் டாக்டர். இனி முக்குளிக்கவே கூடாதாம். வேறு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். தைப்பேன் என்றேன்.

என்னைக் கரைக்குக் கொண்டுவந்த படகில்தான் உங்கள் கடிதம் இருந்தது. நேற்று படிக்க முடிந்தது. நீங்கள் எழுதிய வரிசையிலேயே பிரித்தேன். மடலின் ஓரம், புத்தகத்தில் அடையாளத்துக்கு மடிப்போமே, அப்படி மடிந்திருந்தது. கட்டைவிரலால் நீவினேன். படிந்துவிட்டது. சிலிண்டர் இல்லாமல் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். இறுகப் பிடித்துக்கொண்டது, ஒரு பொட்டுக் கசிவு இல்லை. நல்ல கருவிதான்.

உங்கள் மேல் கோபம் இல்லை. யார் மேலாவது கோபப்படலாம் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். எல்லாரும் அவரவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். நானும்தான்.

ரெகுலேட்டரைத் துடைத்து அந்தப் பெட்டியிலேயே போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். திறந்துவிட்டதால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாது. என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கே போன் எடுக்கிறது. ஆனால் இருக்கிற ஒரு காதில் உங்கள் குரல் உடைவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வாத்து


மார்ச் 17

என் கண்ணே,

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோடு விட்டுப் போகிறது, பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன் என்று தெரியும். கையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பூட்டப் போனேன். ஒரு பையன் துடுப்புச் செருப்புக்கு அளவு கேட்டு வாசலில் நின்றான். உட்கார வைத்து அளவு பார்த்துச் சொன்னேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று போனை எடுத்தான். எங்கே வேண்டுமானாலும் வாங்கு, வந்ததும் கொண்டு வந்து காட்டு என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பலகையைக் கழற்றலாம் என்று பார்த்தேன். ஆணி துரு ஏறிக் கிடக்கிறது, என்னால் அசைக்க முடியவில்லை. நம் சுவரில் கழற்றினாலும் மற்றச் சுவர்களில் இருக்கும். அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெட்டி உன் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறாய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன். எந்தக் காது என்று எழுதவில்லை. நான் வந்து எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா